வைகாசி கடைசில தோட்டத்துல என்னதான் வேலை? அவங்கவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வைகாசி முடிஞ்சு ஆனி பொறக்கப் போகுது. இந்த நேரத்துல தோட்டத்துல குடும்பம் எப்படி ஓடுதுன்னு ஆளாளுக்கு எழுதுங்க, நான் ஆரம்பிச்சு வைக்கிறேன். எங்களுது காங்கேயம் பக்கம், மூணு ஏக்கர் கெணத்துப் பாசனம், அது போக கொஞ்சம் கொறங்காடு, அதாவது வேலி போட்டு ஆடு மாடு மேய விடற மானாவாரி மேய்ச்சல் நிலம். பெங்களூர்ல இருக்கிற மாப்ள ஒருத்தர் போன்ல கேக்கறாரு, வெள்ளாமை தான் ஒண்ணும் இல்லையே மச்சான், இப்ப ரெஸ்ட் தானேன்னு. வெள்ளாமைக்கு ரெஸ்ட் தான், மாட்டுக்கு வயிறு லீவு விடுமா, தினம் ரெண்டு நேரம் கேக்குதே.

கெணறு அடி தெரியுது. போர்வெல்ல காலைல மோட்டார் போட்டா கொஞ்ச நேரம் ஒழுங்கா வரும், அப்பறம் தண்ணியும் காத்தும் கலந்து துப்ப ஆரம்பிச்சிரும், உடனே ஓடிப்போய் ஆஃப் பண்ணோணும், இல்லைன்னா மோட்டார் போச்சு. கரண்டு ஃப்ரீ தான், இழுக்கறதுக்குத் தண்ணி வேணுமே. வர்ற தண்ணிக்கு வரிசை இருக்குது, முதல்ல கட்டுத்தரைத் தொட்டி, அடுத்தது வீட்டு டேங்கு, மிச்சம் இருந்தா தென்னைக்கு. இந்த வரிசையை மாத்தறதுக்கு எங்க அப்பாவுக்கே அதிகாரம் இல்லை, எல்லாம் அம்மா தான். குளிக்கற தண்ணி கூட வாய்க்கால்ல விட்டு வாழைக்கு போகுது, லீவுக்கு வந்த பசங்க சோப்பு ஜாஸ்தி போட்டா அதுக்கும் ஒரு பாட்டு.

தீவனத்துக்கு தையில அடுக்கி வச்ச காஞ்ச சோளத்தட்டுப் போர் தான். அம்மா போரை ஒரு பார்வை பாத்துட்டு ஆடி வரைக்கும் தாங்குமா தாங்காதான்னு சொல்லிரும், அதுக்கேத்த மாதிரி தான் தினம் உருவறது. கொறங்காட்டுல கொழுக்கட்டைப்புல்லு காஞ்சு வைக்கோல் மாதிரி கெடக்குது, ஆனா இந்த நேரத்துக்கு வெள்வேல மரத்துல காய் உதிரும். வெடியறதுக்கு முன்னாடியே ஆத்தா, அதான் பாட்டி, சாக்கு எடுத்துட்டு கெளம்பிரும், வெயில் ஏறுனா முடியாது, பசங்களையும் எழுப்பிக் கூட்டிட்டு போகும். சருகை ஒதுக்கி ஒதுக்கி காயைப் பொறுக்கோணும், மேல முள்ளு, கீழ முள்ளு, என் பையன் செருப்புல பாதி நாள் முள்ளு புடுங்கற வேலை தான். செம்மறிங்க இந்தக் காயை நல்லா திங்குது, வத்திப்போன ஆடு கூட கொஞ்சம் தேறிக்கும். எண்பது தாண்டுன கெழவி குனிஞ்சு பொறுக்கறதைப் பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது, வேண்டாம்னு சொன்னா சோத்துல கை வைக்காம உக்காந்துக்கும், அதுக்கு பொறுக்கறதே மேல்னு விட்டுட்டோம்.

பால் கணக்கு தான் இந்த மாசம் பெரிய தலைவலி. வெயிலுக்கு மாடு சரியா திங்காது, பச்சை கெடையாது, பால் இறங்கிருது, அது போதாதுன்னு எஸ்என்எஃப்பும், அதாவது பால்ல கொழுப்பு போக மிச்சம் இருக்கற சத்தும், இறங்கிருது. சொசைட்டி மெஷின்ல சீட்டு வந்ததும் முதல்ல லிட்டரைப் பாக்கறதில்லை, பாயிண்டைத் தான் பாக்கறது, பாயிண்டு கொறைஞ்சா விலையும் கொறையும். சாயங்காலம் சீட்டோட வீட்டுக்குள்ள வர்ற மூஞ்சியை வச்சே அம்மா கண்டுபுடிச்சிரும், தட்டுல சோறு வைக்கறப்ப ஒண்ணும் கேக்காது.

இப்ப சொல்ல வந்த விசயத்துக்கு வர்றேன். போன வருசம் இதே நேரம் கெணத்தடில கொஞ்சூண்டு தீவனச்சோளம் விட்டிருந்தோம், தண்ணி பத்தாம முட்டிக்குக் கீழயே வாடி நின்னுது. திடீர்னு ஒரு நாள் இடியும் காத்துமா கோடை மழை, நல்ல மழை, எல்லாருக்கும் சந்தோசம், அடுத்த ரெண்டு மூணு நாள்ல அந்த சோளத்துல அடில இருந்து புதுக் குருத்து பச்சைப்பசேல்னு வந்துருச்சு. ஒரு மத்தியானம் செவலை மாடு தும்பு அத்துட்டு நேரா அதுல தான் போய் நின்னுது. மாசக்கணக்கா காஞ்ச தட்டைத் தின்ன மாடு, பச்சையைப் பாத்தா விடுமா. அம்மா தான் முதல்ல பாத்து கத்துச்சு. ஓட்டிட்டு வரும்போதே கால் பின்னுது, கட்டுத்தரைக்கு வர்றதுக்குள்ள வாயில நொரை, மூக்கை விரிச்சு விரிச்சு மூச்சு வாங்குது, அப்படியே சரிஞ்சு படுத்துருச்சு. பக்கத்து ஊர் டாக்டருக்கு போன் போட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வியே சோளத்துல மேஞ்சுதான்னு. பைக்ல வந்து எறங்குன உடனே கழுத்து நரம்புல ஊசி ஏத்தினாரு, சோடியம் தயோசல்பேட்டாம், கூடவே இன்னொரு மருந்தும். அப்பா மாட்டுத் தலையை மடில வச்சுட்டு கொம்பைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாரு, யாரும் பேசலை. மூச்சு கொஞ்சம் கொஞ்சமா சீராகி, காதை ஒரு உதறு உதறுச்சு, அப்பறம் முன்னங்காலை ஊனி எந்திரிச்சிருச்சு.

டாக்டர் சொன்னது இதுதான்: இளஞ்சோளத்துலயும், வாடி நின்னு மறுபடி தழையற சோளத்துலயும் சயனைடு சத்து ஜாஸ்தி, மாட்டு வயித்துல போனதும் அது விஷமாயிருது, லேட் பண்ணுனா ஊசி போட்டும் பிரயோசனம் இல்லை. எங்க அப்பாரு, அதான் தாத்தா, காலத்துலயே குருத்துச் சோளத்துல மாடு விடாதேன்னு சொல்லுவாங்க, காரணம் மட்டும் இப்ப தான் தெரிஞ்சுது. கோடை மழை பேஞ்ச ஊர்க்காரங்க எல்லாம் கொஞ்சம் பாத்துக்குங்க. கால்நடை ஆம்புலன்ஸ் நம்பர் 1962, போன்ல சேவ் பண்ணி வைங்க.

—

பதில், திருத்துறைப்பூண்டி பக்கம்:

அண்ணா படிக்கும்போதே பதறிடுச்சு. எங்க பக்கம் வேற மாதிரிங்க. உளுந்து எடுத்தப்புறம் வயல் எல்லாம் வெடிச்சுக் கெடக்கும், ஊரே ஜூன் 12 மேட்டூர் திறப்பாங்களான்னு நியூஸ் பாத்துட்டு இருக்கும். 2022ல மே 24ந்தேதியே திறந்தாங்க, ஆனா 2024ல ஜூலை கடைசி வரைக்கும் திறக்கலை, அந்த வருஷம் எங்க கடைமடைல குறுவையைப் பத்தி பேச்சே இல்லை.

கோடைன்னா எனக்கு ஞாபகம் வர்றது கிடை ஆடு தான். அறுப்பு முடிஞ்சதும் ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்துல இருந்து கீதாரிங்க, அதாவது ஊர் ஊரா ஆடு மேய்க்கறவங்க, ஆட்டை ஓட்டிட்டு வந்துடுவாங்க, ஆத்துல தண்ணி வர்ற வரைக்கும் இங்க தான். ராத்திரி வலை கட்டி நம்ம வயல்ல ஆட்டை அடைப்பாங்க, மறுநாள் வலையைப் பக்கத்துக்கு நகத்துவாங்க, இப்படியே வயல் முழுக்க எரு ஆகிடும். முன்னாடி நெல்லு அளப்போம், இப்ப ராத்திரிக்கு இவ்வளவுன்னு காசு. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு கீதாரி அக்கா கைல அப்ப தான் போட்ட குட்டியோட எங்க வாசல்ல நின்னாங்க, ஈரம் கூட காயலை, தாய் ஆடு சேத்துக்க மாட்டேங்குது, கொஞ்சம் பசும்பால் குடுங்கன்னு. எங்க அத்தை, அதாங்க மாமியார், வீட்டுக்கு டீ போட வச்சிருந்த பாலை அப்படியே குடுத்துட்டாங்க, மாமா கருப்பு டீ குடிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லலை. துணியைத் திரி மாதிரி சுத்தி பால்ல நனைச்சு குட்டி வாய்ல வச்சாங்க அந்த அக்கா, அது சப்ப ஆரம்பிச்சதும் சிரிச்ச சிரிப்பு இருக்கே. அப்புறம் அதைக் கொடாப்புங்கற பெரிய கூடைக்குள்ள விட்டு மூடிட்டாங்க. வருஷா வருஷம் வந்துடறாங்க, எங்க பாப்பாவுக்கு அவங்க சித்தி மாதிரி.

ஆனா வெளில தெரியாத கஷ்டம் ஒண்ணு இருக்கு. கிடை இருக்கற வரைக்கும் சாயங்காலம் தண்ணி குடுக்கணும், போர் இருக்கற வீட்டைத் தான் கேப்பாங்க, பக்கத்து வயல்ல நாத்தங்கால் விட்டவங்க நம்ம மேல கோவப்படுவாங்க. ரெண்டு பேரையும் சமாளிக்கறது எங்க அத்தைக்கு மட்டும் தான் வரும்.

—

பதில், வெள்ளகோவில் பக்கம்:

வேலங்காய் பத்தி ஒரு சந்தேகம் வரும் நிறைய பேருக்கு, சீமைக்கருவேலம் இல்லைங்க அது, வெள்வேல், பட்டை வெளுப்பா இருக்கும். இதைச் சொல்லிட்டு என் பொலம்பலுக்கு வர்றேன், வெறிநாய் தொல்லை. எங்க பக்கம் பட்டிக்குள்ள பூந்து ராத்திரில கடிச்சுப் போட்டுருது, விடிஞ்சு போய் பாத்தா நாலஞ்சு ஆடு கழுத்து கிழிஞ்சு கெடக்குது, திங்கறது கூட இல்லை, கடிச்சு மட்டும் போட்டுட்டு போகுது. கிளுவை வேலி ஆட்டை வெளில விடாது, நாயை உள்ள விடாமலும் இருக்காது. இப்ப நானும் தம்பியும் மாத்தி மாத்தி பட்டில கட்டில் போட்டுப் படுத்துக்கறோம், வீட்ல புள்ளைங்க அப்பா மூஞ்சியைப் பாத்தே நாளாச்சுங்குது. அந்தத் தங்கச்சி கிட்ட ஒண்ணு கேக்கோணும், அங்க வெறும் வலையை மட்டும் கட்டிட்டு எப்படித் தாக்குப் புடிக்கறாங்க?

—

பதில், திருத்துறைப்பூண்டி பக்கம்:

அவங்களே நாய் வளக்கறாங்கண்ணா, ஆட்டோடயே நடந்து வரும், பகல்ல சும்மா படுத்துக் கெடக்கும், ராத்திரி வலையைச் சுத்திட்டே இருக்கும். ஆளும் வலை ஓரத்துலயே தான் படுக்கறாங்க, வீட்டுக்குப் போறதுன்னு ஒண்ணு அவங்களுக்கு ஆடிக்கு அப்புறம் தான். அடுத்த தடவை அந்த அக்கா வரும்போது நாய்க்குட்டி கேட்டு வைக்கவாண்ணா?