அம்மாவின் பேர் புஷ்பா இல்லையாம், குப்பாயி. கதையில் வைக்கலாமா?

லிந்துலைக்காரி:
போன மாதம் அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கப் பிறப்புப் பத்திரத்தைத் தேடி எடுத்தால் அதில் குப்பாயி என்று இருக்கிறது. லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாருக்கும் அவர் புஷ்பா அக்காதான், எங்களுக்கே இது தெரியாது. நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு இந்தப் பேரையே வைக்க ஆசை. தம்பி கத்துகிறான், குப்பை என்றுதானே அர்த்தம், ஊரே சிரிக்கும் என்று. இப்படி ஏன் பேர் வைத்தார்கள்?

கொட்டகலை மாமா:
மகள், அது கேவலப்படுத்த வைத்த பேர் இல்லை. முதல் பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறந்ததைக் குப்பை மேட்டில் கிடத்தி, வேறொருவர் கண்டெடுத்ததுபோலத் தூக்கிக் கொடுப்பார்கள். குப்பையில் கிடந்ததை எமன் எதற்குத் தேடப்போகிறான்? குப்பன், குப்பாயி, குப்பம்மா எல்லாம் அப்படி வந்ததுதான். பிச்சை என்றால் பிச்சை கேட்டு வாங்கிய பிள்ளை. எங்கள் தாத்தா பேர் மூக்கன், அதே காரணத்துக்காகக் குழந்தையில் மூக்குக் குத்தியவர். மூக்குத்தி இல்லாத அந்த ஓட்டையை அவர் தூங்கும்போது விரலால் தொட்டுப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

டிக்கோயாப் பொடியன்:
அக்கா தாராளமாக வையுங்கள். டன்கெல்ட், ஸ்ட்ரத்ஸ்பே என்று வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஸ்கொட்லாந்து ஊர்ப்பேரைத் தோட்டத்துக்கு வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை, குப்பாயிக்கு மட்டும் என்ன சிரிப்பு? ஆனால் ஒன்று, கதையில் வருகிற எல்லாப் பெண்ணுக்கும் குப்பாயி, கருப்பாயி என்று போட்டுவிடாதீர்கள், கொழும்பில் இருந்துகொண்டு மலையகக் கதை எழுதுகிறவர்கள் செய்கிற வேலை அது. அவள் மகளுக்கு நிரோஷா என்று வையுங்கள், இப்போது எந்த லயத்திலும் கூப்பிட்டால் இரண்டு நிரோஷா திரும்பிப் பார்க்கும்.

பண்டாரவளை டீச்சர்:
பேர் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளமும்தானே. சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். இன்றைக்கு எனக்குப் பேர் போட்டாச்சா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கிற ஒரு பெண், சொந்தப் பேரை ஒளித்து வைத்திருக்கிறாள், கதையே அங்கேதான் இருக்கிறது. அப்புறம், அடையாள அட்டையில் என்ன பேர் இருக்கிறது என்று பார்த்தீர்களா? பத்திரத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று என்றால், இரண்டும் ஒருவர்தான் என்று சத்தியக்கடதாசி கேட்டு அலையவிடுவார்கள், கதையை விட அதை முதலில் பாருங்கள்.

லிந்துலைக்காரி:
டீச்சர், அட்டையில் புஷ்பா. இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள், சத்தியக்கடதாசி இப்போதுதான் எழுதக் கொடுத்திருக்கிறேன்.

மாமா சொன்னதை அம்மாவிடம் கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு ரொட்டி சுட்டுக்கொண்டே சொன்னார். முன்னால் பிறந்த இரண்டும் போய்விட்டதாம். லயத்துக்குப் பின்னால் சாம்பல் கொட்டுகிற இடத்தில் முறத்தோடு வைத்தார்களாம், தொங்கல் காம்பராவில், லயத்தின் கடைசி அறையில், இருந்த கிழவி ஒருத்திதான் தூக்கி வந்து, தவிட்டை விலையாக வாங்கிக்கொண்டு கொடுத்தாளாம். புஷ்பா என்பது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்ததால் தானே வைத்துக்கொண்டதாம். கதைக்குக் குப்பாயிதான். அந்தக் கிழவியின் பேரைக் கேட்டேன், கிழவி என்றுதான் கூப்பிடுவோம் என்கிறார்.