வுல்ஃபென்ஸ்டைன் புது கிராபிக்ஸ் கார்டில் திறந்ததுமே மூடிக்கொள்கிறது

தூசிவட்டு:

வணக்கம் நண்பர்களே. 2001-இல் வந்த ரிட்டர்ன் டு காசில் வுல்ஃபென்ஸ்டைன் விளையாட்டு என்னிடம் ஒரிஜினல் வட்டிலேயே இருக்கிறது. பழைய கணினியில் போன மாதம் வரை எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடியது. புதுக் கணினிக்கு மாறினேன், அவ்வளவுதான், ஐகானை அழுத்தினால் திரை ஒரு நொடி கறுத்துவிட்டு மறுபடி டெஸ்க்டாப்புக்கே வந்துவிடுகிறது, பிழைச் செய்திகூட வருவதில்லை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி போல நடிக்கும் இணக்க முறையில் வைத்துப் பார்த்தேன், அட்மினாக ஓட்டினேன், டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், பழைய விளையாட்டுகளைப் புதுக் கணினியில் ஓட்ட உதவும் டிஜிவூடூ2 கோப்புகளையும் விளையாட்டு ஃபோல்டரில் போட்டுப் பார்த்தாயிற்று, எதிலும் அசையவில்லை.

ஷார்ட்கட்டில் லாக்ஃபைல் 2 என்று சேர்த்து ஓட்டிப் பார்த்தபோது லாக்கில் (விளையாட்டு எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) கார்டு பெயர் சரியாக வருகிறது, கடைசி வரி ஜிஎல்_வெர்ஷன், அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. நிலவறைக்குள் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கும் அந்தக் கட்டத்தை மறுபடி ஆட வேண்டும் என்று மனசு கிடந்து தவிக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

நிழல்வரி:

லாக் எடுத்துப் பார்த்தது ரொம்ப நல்ல காரியம், விடை அதில்தான் இருக்கிறது. ஜிஎல்_வெர்ஷனுக்கு அடுத்து வர வேண்டிய வரி ஜிஎல்_எக்ஸ்டென்ஷன்ஸ். அந்த வரியை எழுதப் போகும்போதுதான் விளையாட்டு சாகிறது.

தொடங்கியவுடன் இந்த விளையாட்டு டிரைவரிடம் "உனக்கு என்னென்ன கூடுதல் வசதிகள் தெரியும்" என்று கேட்கும். டிரைவர் பதிலை ஒரே நீள வரியாகத் தரும், ஒரு பெயர், ஒரு இடைவெளி, அடுத்த பெயர் என்று. 2001-இல் அந்தப் பட்டியல் சின்னது. க்வேக் 3 விளையாட்டின் இன்ஜினில், அதாவது அதை ஓட்டும் அடிப்படை நிரலில் (வுல்ஃபென்ஸ்டைனும் அதன் வாரிசுதான்), ஒரு செய்தியை அச்சிட ஒதுக்கிய இடம் 4096 எழுத்து, அன்றைக்கு அது தாராளம். அதன்பின் ஒவ்வொரு ஆண்டும் வசதிகள் கூடிக்கூடி, இன்றைய டிரைவர் நூற்றுக்கணக்கான பெயர்களைக் கொட்டுகிறது. பழைய நிரல் நீளத்தைப் பார்க்காமல் அப்படியே எழுத, ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தின் மேல் வழிகிறது, விளையாட்டு விழுந்துவிடுகிறது. உங்கள் கார்டில் கோளாறு எதுவும் இல்லை.

இணக்க முறை ஏன் உதவவில்லை என்றும் இதிலேயே தெரியும், அது பட்டியலைக் குறைப்பதில்லை. டிஜிவூடூ2 நல்ல கருவிதான், ஆனால் அது கிளைடு, பழைய டைரக்ட்எக்ஸ் என்ற கிராபிக்ஸ் மொழிகளுக்கு உரியது. உங்கள் விளையாட்டு ஓப்பன்ஜிஎல் என்ற வேறொரு மொழியில் பேசுகிறது, ஆகவே அந்தக் கோப்புகளை அது தொடவே இல்லை.

லினக்ஸில் மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் என்றால் வேலை சுலபம். மெசா_எக்ஸ்டென்ஷன்_மேக்ஸ்_இயர் என்ற சூழல் மாறிக்கு (நிரல் தொடங்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு) 2002 என்று கொடுத்து விளையாட்டைத் திறங்கள், அந்த ஆண்டு வரை வந்த வசதிகளை மட்டும்தான் மெசா சொல்லும். இந்தப் பழைய விளையாட்டுகளுக்காகவே வைத்த ஏற்பாடு அது. என்விடியா டிரைவரிலும் பட்டியலை வெட்டிக் கொடுக்கும் அமைப்பு உண்டு. உங்களிடம் எந்த கார்டு, எந்த இயங்குதளம்?

கல்மரம்:

நிழல்வரி சொன்ன காரணம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தூசிவட்டு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் பழைய இயக்கக் கோப்போடு மல்லுக்கட்ட மாட்டேன். வுல்ஃபென்ஸ்டைனின் மூலநிரல் 2010-இலேயே வெளியாகிவிட்டது. அதை எடுத்துச் சீர்செய்த புது இன்ஜின்தான் ஐஓஆர்டிசிடபிள்யூ. அதை இறக்கி, உங்கள் வட்டிலிருந்து மெயின் ஃபோல்டரில் உள்ள பிகே3 கோப்புகளை (படம், ஒலி, கட்டங்கள் இருப்பவை) அதன் மெயின் ஃபோல்டருக்குள் போடுங்கள், போதும். இதே மாதிரி க்வேக் 2-க்கு யமாகி, க்வேக் 3-க்கு ஐஓக்வேக்3, முதல் க்வேக்குக்கு அயர்ன்வெயில் இருக்கின்றன. ஆட்டம் அதே ஆட்டம்தான், பயப்படாதீர்கள்.

ஓடிய பிறகு இரண்டு இடத்தில் இடறுவீர்கள். ஒன்று, இருட்டு. இந்த இன்ஜின் முழுத்திரையில் கிராபிக்ஸ் கார்டின் காமா என்ற வெளிச்ச அமைப்பைத் தொட்டுத்தான் வெளிச்சத்தை ஏற்றும். சின்ன ஜன்னலில் ஓட்டினால் அது நடக்காது, நிலவறையெல்லாம் கரியாகத் தெரியும். முழுத்திரையில் வைத்தும் போதவில்லையென்றால் விளையாட்டின் கட்டளைப் பெட்டியில் ஆர்_இன்டென்சிட்டி 1.5 கொடுத்து விட்_ரீஸ்டார்ட் அடியுங்கள்.

இரண்டு, பார்வைக் கோணம். சிஜி_எஃப்ஓவி என்ற அமைப்பில் உள்ள 90 பாகை என்பது 4:3 திரைக்குப் போட்ட கணக்கு. அகலத்திரையில் அப்படியே விட்டால் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, துப்பாக்கி மூக்குக்கு நேரே நிற்கும். 16:9 திரைக்கு 106 வையுங்கள், பழைய உயரம் அப்படியே கிடைத்து, பக்கவாட்டில் கூடுதலாகத் தெரியும்.

முதல்குண்டு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், எனக்கு அன்ரியல் டூர்னமென்டில் வேறு தொல்லை. திறக்கிறது, ஆனால் எல்லாரும் பேய் பிடித்த மாதிரி ஓடுகிறார்கள். அதுவும் இந்தப் பட்டியல் விவகாரம்தானா?

நிழல்வரி:

இல்லை, அது நேரக் கணக்கு. அந்த இன்ஜின் செயலியின் துடிப்பை எண்ணி நேரத்தைக் கணக்கிட்டது, செயலி வேகம் மாறாது என்று நம்பி எழுதியது. இன்று வேகம் நொடிக்கு நொடி ஏறி இறங்குகிறது. ஓல்ட்அன்ரியல் குழுவின் 469 பேட்சை (திருத்தத் தொகுப்பு) போடுங்கள், புது கார்டுகளுக்கான ரெண்டரரும் (படம் வரையும் பகுதி) அதிலேயே வரும்.

டைரக்ட்எக்ஸ் விளையாட்டுக்கு டிஜிவூடூ2 போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதன் எம்எஸ் ஃபோல்டருக்குள் எக்ஸ்86 என்று இருப்பதிலிருந்துதான் கோப்புகளை எடுக்க வேண்டும். கணினி 64 பிட்டாக இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்து விளையாட்டு 32 பிட். எக்ஸ்64 கோப்புகளைப் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூசிவட்டு:

ஓடிவிட்டது! எனக்கு விண்டோஸ்தான், அதனால் கல்மரம் சொன்ன வழியில் போனேன். பிகே3 கோப்புகளை நகலெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. லாக்கைத் திறந்து பார்த்தேன், ஜிஎல்_எக்ஸ்டென்ஷன்ஸ் வரி இப்போது முழுதாக வருகிறது, உருட்ட உருட்டப் பெயர்கள், நிழல்வரி சொன்னது கண்ணெதிரே தெரிந்தது. கோணம் 106 வைத்ததும் தாழ்வாரத்தின் இரண்டு சுவரும் ஒருசேரத் தெரிகின்றன. வெளிச்சத்துக்கு எனக்கு 1.5 கொஞ்சம் அதிகம், 1.3 பொருந்தியது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்றிரவு நிலவறைக்குள் இறங்குகிறேன்.