உதவி: ஃப்ரீசிவ் சர்வரில் எல்லாரும் ஏற்கும்படி கருத்துக்கணிப்பு எடுப்பது எப்படி?

கோட்டைவாசல் எழுதியது:

வணக்கம். நண்பர்களுக்காக ஒரு ஃப்ரீசிவ் (நாகரிகங்களை வளர்த்துப் போரிடும் இலவசக் கணினி வியூக ஆட்டம்) சர்வர் நடத்துகிறேன். ஒரு நாளைக்கு ஒரு டர்ன், அதாவது எல்லாரும் படையை நகர்த்தும் ஒரு சுற்று. இந்தியா, ஐரோப்பா, கனடா என்று ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். டர்ன் மாறுவது உலக நேரம் 23:00 மணிக்கு. இந்தியாவில் அப்போது விடியற்காலை 4:30.

பிரச்சினை பழையதுதான். டர்ன் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது படையை எதிரி நகரத்தின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது, டர்ன் மாறிய கையோடு அதே படையால் அடிப்பது. எதிராளி எழுந்து பல் துலக்குவதற்குள் நகரம் போய்விடும். இதைத் தடுக்க யூனிட்வெயிட்டைம் என்று ஒரு செட்டிங் உண்டு. ஒரு படை நகர்ந்திருந்தால், டர்ன் மாறினாலும் குறித்த வினாடிகள் கழிந்த பிறகே அது மறுபடி அசையும். எங்கள் சர்வரில் அது இப்போது 0. அடுத்த ஆட்டத்தில் 10 மணி நேரம், அதாவது 36000 வினாடி வைக்கலாமா என்று எங்கள் டிஸ்கார்டு அரட்டைக் குழுவில் ஓட்டெடுப்பு போட்டேன்.

கேட்ட கேள்வி: "டர்ன் மாற்றத்தில் நடக்கும் இரட்டை அடி அநியாயத்தைத் தடுக்க 10 மணி நேரம் வைக்கலாமா?" வேண்டும் 9, வேண்டாம் 14. ஆட்டம் தொடங்கும்போது 46 பேர் இருந்தோம், இப்போதும் உள்ளே வருகிறவர்கள் 31. வேண்டாம் என்ற 14 பேரில் 11 பேர் ஒரே கூட்டணி, அதுவும் ஸ்கோரில் முதலிடத்தில் இருக்கும் கூட்டணி. கணிப்பே செல்லாது என்று ஒரு தரப்பு, பெரும்பான்மை பெரும்பான்மைதான் என்று இன்னொரு தரப்பு. மறுபடி எடுக்க நினைக்கிறேன். எப்படி எடுத்தால் இந்தச் சண்டை வராது?

பீரங்கி72:

சர்வர் உங்களுடையது, நீங்களே முடிவெடுங்கள். ஓட்டு கேட்டால் சண்டைதான் வரும்.

ஆந்தைக்கண்:

அப்படி முடிவெடுத்தால் மூன்று பேரோடுதான் ஆட வேண்டியிருக்கும், பீரங்கி அண்ணே.

கோட்டைவாசல், விட்டுப்போன 15 பேரை யாராவது கேட்டீர்களா? நானும் வேறொரு சர்வரில் இப்படித்தான் விலகினேன். தலைநகரம் விடியற்காலையில் போனது, அதற்குப் பிறகு உள்ளே போக மனம் வரவில்லை. இரட்டை அடியால் அதிகம் அடிபட்டவர்கள் உங்கள் கணிப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். மிச்சம் இருப்பவர்களை மட்டும் கேட்டால், இப்போதைய விதி யாருக்கு ஒத்துவருகிறதோ அவர்கள் குரல்தான் தூக்கலாகக் கேட்கும்.

டிஸ்கார்டு ஓட்டெடுப்பில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டணித் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எவன் மாற்றிப் போடுவான்?

சராசரிச்சாமி:

ஆந்தைக்கண் சொல்வதே முக்கியம். எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பது இரண்டாவது கேள்வி, யார் சொன்னார்கள் என்பதே முதல் கேள்வி. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரிகளைத் தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்ததால் வசதியானவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் ஒரு தினுசானவர்களாகவே இருந்தார்கள். அதனால், 31 பேரில் 23 பேர் பதில் சொன்னது நல்ல விகிதம் என்று நிம்மதி அடைய வேண்டாம். பிழை வரம்பு என்று சூத்திரம் போட்டுக் கணக்குப் பார்ப்பதும் இங்கே வீண். அது குலுக்கல் முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கேட்கும் கணிப்புக்கு உரியது, நீங்கள் யாரையும் குலுக்கி எடுக்கவில்லை.

கேள்வியும் சரியில்லை. "அநியாயம்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டு அபிப்பிராயம் கேட்கிறீர்கள். அந்தச் சொல்லே 11 பேரைச் சீண்டியிருக்கும். நடப்பதை மட்டும் எழுதுங்கள்: "ஒரு படை டர்ன் முடிவில் நகர்ந்து, அடுத்த டர்ன் தொடக்கத்திலேயே மறுபடி நகரலாம். இந்த இரண்டுக்கும் நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும்?" வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு 0 முதல் 12 வரை ஓர் எண் கேளுங்கள்.

கோட்டைவாசல்:

எண் கேட்டால் ஒருத்தர் 0 என்பார், இன்னொருத்தர் 12 என்பார். சராசரி எடுத்தால் யாருக்கும் பிடிக்காத 5.7 வரும்.

சராசரிச்சாமி:

பெயரில்தான் சராசரி, ஆனால் சராசரி எடுக்கச் சொல்ல மாட்டேன். :) எல்லா எண்களையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுங்கள். 1907இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் நேச்சர் அறிவியல் இதழில் இதைத்தான் சொன்னார்: நட்ட ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கும் ஜூரி போன்ற குழுக்கள் சராசரி எடுத்தால் கிறுக்குத்தனமான எண் சொல்பவருக்கே அதிகப் பலம் கிடைக்கும், நடு எண் எடுத்தால் கிடைக்காது. உங்களுக்கும் அதே லாபம். 4 மணி நேரம் போதும் என்று நினைப்பவர் முடிவைக் கீழே இழுக்க வேண்டி 0 என்று போட்டாலும், நடு எண் ஏற்கெனவே 4க்கு மேல் இருந்தால் அது அசையாது. நடு எண் 4க்குக் கீழே இருந்தால் உண்மையாக 4 என்று போட்டாலே போதும், 12 போடுவதால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் ஒரே கூட்டணியின் 11 பேரும் 0 போடுவதை இது தடுக்காது. தடுக்கவும் கூடாது, அவர்களும் ஆட்டக்காரர்கள்தான். தடுக்க வேண்டியது, தன் படை எங்கே நிற்கிறது என்று பார்த்து ஓட்டுப் போடுவதை. நடப்பு ஆட்டம் முடியட்டும். புதிய வரைபடம் உருவாகும் முன், யார் யாருக்குப் பக்கத்தில் ஆட்டத்தைத் தொடங்குவார்கள் என்று தெரியாதபோது கேளுங்கள்.

முல்லைவேலி:

ஒருவருக்கு ஒரு ஓட்டு என்பதற்குக் கூகுள் ஃபார்மில் ஒரு பதில் மட்டும் என்ற வசதி உண்டு. ஆனால் அது ஒரு கணக்குக்கு ஒன்று. நான்கு ஜிமெயில் வைத்திருப்பவருக்கு நான்கு ஓட்டு. நான் செய்வது இது: 46 சங்கேத எண்களைக் கலைத்துப்போட்டு, ஆட்டத்தில் பதிவான ஐடிக்கு ஒன்று வீதம் தனித்தனியாக அனுப்புவேன். விட்டுப்போனவர்களுக்கும் உண்டு. ஃபார்மில் எண்ணை மட்டும் எழுதினால் போதும். எந்த எண் யாருக்குப் போனது என்ற பட்டியலை இந்த ஓட்டில் சம்பந்தமில்லாத ஒருவர் வைத்திருப்பார், பதில்களை நீங்கள் பார்ப்பீர்கள். முடிவு வந்ததும் அந்தப் பட்டியலை அழித்துவிடலாம்.

இன்னும் ஆடுகிறீர்களா, டர்ன் மாறும்போது உங்கள் ஊரில் மணி என்ன என்ற இரண்டு கேள்விகளையும் சேருங்கள். அதற்குமேல் கேட்டால் இத்தனை பேர் கூட்டத்தில் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். முடிவைச் சொல்லும்போது மொத்தத்தோடு ஆடுகிறவர்கள், விலகியவர்கள் என்று பிரித்தும் போடுங்கள்.

பீரங்கி72:

விலகினவனுக்கு எதற்கய்யா ஓட்டு?

முல்லைவேலி:

அடுத்த ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்தால் ஓட்டு, கொடுக்காவிட்டால் கருத்து மட்டும். அவர்கள் எண் தனிக் கட்டத்தில் இருக்கும், முடிவில் சேராது. அதை முன்கூட்டியே எழுதிவிட வேண்டும்.

முடிவு விதியையும் முதலிலேயே அறிவித்துவிடுங்கள். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டு வியூக ஆட்டம் இல்லைதான், ஆனாலும் 2013இல் தொடங்கியபோதே புதிய அம்சம் எதற்கும் 75 சதவீத ஆதரவு வேண்டும் என்று வைத்தார்கள், பிற்பாடு 70 ஆக்கினார்கள். அளவு எதுவாகவும் இருக்கட்டும், ஓட்டு எண்ணும் முன்பே ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோட்டைவாசல்:

நன்றி எல்லாருக்கும். கேள்வியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "ஒரே படையின் இரண்டு டர்ன் நகர்வுகளுக்கு நடுவே குறைந்தது எத்தனை மணி நேரம்? 0 முதல் 12 வரை ஒரு முழு எண்." பெயர் கொடுத்தவர்களில் பாதிக்கு மேல் பதில் வந்தால் நடு எண்ணே விதி, வராவிட்டால் இப்போதுள்ள 0 தொடரும். சங்கேத எண் பட்டியலை வைத்திருக்க, எங்கள் சர்வரில் ஆடாத ஒருவர் வேண்டும். பீரங்கி அண்ணே, நீங்கள் வருகிறீர்களா?

பீரங்கி72:

அனுப்பு. ஆனால் நடு எண் எட்டுக்கு மேல் வந்தால் என்னிடம் வந்து புலம்பக் கூடாது.