புதுப்பிப்பு: டொயோட்டா பிக்கப்பில் டீசல் எஞ்சின் - இப்போது ஓடுகிறது

முன்பு எழுதியதன் சுருக்கம்: என் 1990 டொயோட்டா பிக்கப்பின் 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு, ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டிடிஐ (டர்போ டீசல்) எஞ்சினை வைத்தேன். பழைய கியர்பாக்ஸ்தான், இரண்டையும் பொருத்த நடுவில் அடாப்டர் பிளேட். ஸ்டார்ட் ஆகிப் பத்து நொடியில் அணைந்துவிடுகிறது என்று புலம்பியிருந்தேன்.

காரணம் டீசல் குழாயில் ஒரு தளர்ந்த கிளாம்ப்! ஒரு சொட்டு டீசல்கூட வெளியே ஒழுகாததால் அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. டேங்கில் இருந்த பெட்ரோல் பம்பை எடுத்தாகிவிட்டது. இன்ஜெக்‌ஷன் பம்பே டீசலை உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சும் குழாயில் இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். நடுவில் ஒரு அடி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைப் போட்டதும் குமிழிகள் வரிசையாக ஓடுவது தெரிந்தது. இரண்டு வாரம் வயரிங்கைக் குடைந்தது வீண்.

பிரேக்கை மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) எங்கிருந்து வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். எஞ்சினிலேயே தனி வேக்கம் பம்ப் இருக்கிறது, அதில் இணைத்தேன்.

இனி மிச்சம் ஆக்சில். அதன் 4.10 விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ் ஷாஃப்ட் 4.10 சுற்று) இந்த எஞ்சினுக்கு ஒத்துவரவில்லை. இதன் முழு இழுவை நிமிடத்துக்கு 1,900 சுற்றிலேயே வந்துவிடுகிறது, 100 கி.மீ. வேகத்திலோ கணக்குப்படி 2,600 சுற்று. (கணக்குப்படிதான், ஆர்பிஎம் முள்ளுக்கு சிக்னல் தரும் இக்னிஷன் காயில் டீசலில் இல்லாததால் அது தூங்குகிறது.) சுற்றைக் குறைக்க 3.42 விகித ஆக்சில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் மைலேஜ் எழுதுகிறேன்.