ஊடுதுறை, துறையிடை, துறைமயக்கம்: கூட்டாய்வுக் கையேட்டுக்கு எந்தச் சொல்?

செல்வி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

ஆய்வு மாணவர்களுக்கான கூட்டாய்வுக் கையேட்டின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'மல்டிடிசிப்ளினரி', 'இன்டர்டிசிப்ளினரி', 'டிரான்ஸ்டிசிப்ளினரி' மூன்றும்தான் இன்னும் இடிக்கின்றன. வரைவில் மூன்றுக்கும் 'பல்துறை' என்றே இருக்கிறது. இரண்டாம் இயல் முழுக்க இவற்றின் வேறுபாட்டைப் பற்றியது என்பதால் அப்படியே விட முடியாது.

கையேட்டின்படி முதலாவது, ஒரே சிக்கலைப் பல துறையினர் அவரவர் முறையில் ஆய்ந்து முடிவுகளைக் கடைசியில் சேர்ப்பது. இரண்டாவது, ஒரு துறையின் முறை மற்றதன் ஆய்வு வடிவமைப்பையே மாற்றுவது. மூன்றாவது, துறைக்கு வெளியே இருக்கும் உழவர், நோயாளி, மீனவர் போன்றோரும் ஆய்வுக் கேள்வியை வகுப்பதில் சேர்வது. முதலாவதற்குப் 'பல்துறை', மூன்றாவதற்குத் 'துறைகடந்த' என்று வைக்கலாமா? நடுவில் இருப்பதற்கு 'இடைத்துறை', 'துறையிடை' இரண்டும் புழங்குகின்றன. எது சரி?

இளங்கோ எழுதியது:

அன்புள்ள செல்வி,

முதலில் 'பல்துறை'. பல் + துளி = பஃறுளி, பல் + தொடை = பஃறொடை, அல் + திணை = அஃறிணை. அந்த வழியில் பல் + துறை = பஃறுறை. கையேட்டில் இப்படி எழுதச் சொல்லவில்லை. "குறில்வழி லளத்தவ் வணையி னாய்தம் ஆகவும் பெறூஉம்" என்று நன்னூலாரே விருப்பமாகத்தான் விடுகிறார். ஆனாலும் புணர்ச்சி இதுதான் என்று ஓர் அடிக்குறிப்பு வேண்டும்.

'இடைத்துறை' என்றால் இடைக்காலம், இடைநிலை போல நடுவில் உள்ள ஒரு துறை என்றே படும். 'துறையிடை'யில் உள்ள இடை ஏழாம் வேற்றுமையின் சொல்லுருபு. 'துறையிடை ஆய்வு' என்றால் துறைக்கண் நிகழும் ஆய்வு. ஒரே துறைக்குள் செய்ததையும் அப்படிச் சொல்லலாம்.

என் பரிந்துரை 'துறைமயக்கம்'. "திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே, நிலனொருங்கு மயங்குதல் இன்றென மொழிப" என்கிறது தொல்காப்பியம். உரிப்பொருள் மயங்கலாம், நிலங்கள் ஒன்றோடொன்று மயங்கா. ஒரு துறையின் முறை இன்னொன்றில் கலக்க, துறைகள் தம் அடையாளத்தை இழக்காமல் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான முன்மாதிரி இல்லை. மெய்ம்மயக்கத்திலும் இரண்டு மெய்களும் தத்தம் ஒலியோடுதானே நிற்கின்றன?

நசீர் எழுதியது:

இளங்கோ ஐயா,

நூற்பா அருமை. ஆனால் நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் தலைப்பில் 'துறைமயக்க ஆய்வு' என்று போட்டால், மதிப்பிடுபவர் கலப்பை நினைக்க மாட்டார், குழப்பத்தைத்தான் நினைப்பார். இன்றைய தமிழில் மயக்கம் அவ்வளவு தூரம் நகர்ந்துவிட்டது.

சொல்லைப் பார்த்தவுடன் தன் வேலை மாறுமா மாறாதா என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். ஆற்றுநீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மின்னணுவியலார் உணரியைப் பொருத்துகிறார், சூழலியலார் பாசியை எண்ணுகிறார், புள்ளியியலார் கணக்கிடுகிறார். மூவரும் தனித்தனியே எழுதிக் கடைசியில் ஒட்டினால் அது பல்துறை.

கோளாறு ஒட்டும்போதுதான் தெரியவரும். உணரி உலகப் பொதுநேரத்தில் பதிந்திருக்கும், சூழலியலாரின் குறிப்பேடு உள்ளூர் நேரத்தில் இருக்கும். ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் பிற்பகலில் உச்சத்துக்கு ஏறி, விடியலுக்குச் சற்று முன் அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும். வரைபடத்திலோ உச்சம் வேளை தவறி நிற்கும். கருவியைக் கழற்றிப் பார்த்தால் அதில் பழுது இருக்காது.

விடுபட்ட அளவீடு இதைவிட மோசம். உணரி நின்றுபோன நேரங்களுக்கு -999 என்று இட்டிருப்பார்கள். ஒரு நாளில் 23 அளவீடுகள் லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்றிருந்து, ஒன்று மட்டும் -999 ஆக இருந்தால் சராசரி -34ஐ ஒட்டிப் போகும். யாரும் பிடித்துவிடலாம். 10,000 அளவீடுகளில் ஒரே ஒரு -999 இருந்தால் சராசரி 7.9. அது கண்ணில் படாமலே கட்டுரை வரை போய்விடும்.

இரண்டாவது வகை வேலை கருவி பொருத்துவதற்கு முன்பே தொடங்குகிறது. மூவரும் உட்கார்ந்து தரவு அகராதி எழுத வேண்டும்: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், அலகு, நேர மண்டலம், விடுபட்டதற்கான குறி, பிழை வரம்பு, திருத்தும் உரிமை யாருக்கு என்பது. மூலத் தரவை யாரும் தொடாமல் தனியே பூட்டி வைத்து, திருத்தங்களை எல்லாம் நிரலில் மட்டும் செய்ய வேண்டும். அதன் பிறகு உணரி காட்டும் உச்ச நேரத்துக்கு ஏற்பச் சூழலியலார் தம் மாதிரி எடுக்கும் வேளையையே மாற்றுகிறார். ஒரு துறை மற்றதற்குள் நுழைவது அந்த இடத்தில்தான்.

1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் அழிந்ததும் இப்படிப்பட்ட ஒட்டுமிடத்தில்தான். ஒரு குழுவின் மென்பொருள் கணத்தாக்கை (இம்பல்ஸ்) பவுண்டுவிசை-நொடியில் தந்தது, மற்றக் குழு அதை நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. வேறுபாடு 4.45 மடங்கு. 'இடை' என்ற சொல்லில் இந்த நுழைவு தெரியவில்லை என்பதே என் மனக்குறை.

தமயந்தி எழுதியது:

வணக்கம். நசீர் அண்ணா தேடும் நுழைவு 'ஊடு' என்பதில் இருக்கிறது. ஊடுருவு, ஊடுபயிர், ஊடகம் எல்லாம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்தவை. 'துறையூடு' அல்லது 'ஊடுதுறை' என்று வைக்கலாம்.

தரவு அகராதி பற்றி ஒன்று. அதைத் தமிழில் எழுதினால் நேர மண்டலத்துக்கு முன் சொல் மண்டலத்தைக் குறிக்க வேண்டும். பொறியியலில் ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின் இரண்டுக்கும் இலங்கையில் தகைப்பும் விகாரமும், தமிழ்நாட்டில் தகைவும் திரிபும். வெக்டர் எங்களுக்குக் காவி, உங்களுக்குத் திசையன். நோயைக் காவும் நுளம்பையும் (கொசு) உயிரியலார் வெக்டர் என்பதால், எங்கள் காவி இரண்டு துறைக்கும் பொருந்திவிடுகிறது. ஆபத்தும் அதுவே. நுளம்பு பரவுவதைக் கணிக்கும் மாதிரியில் 'காவியின் திசை' என்று எழுதினால் காற்றின் வேகக் காவியா, நுளம்பா என்று நிரல் எழுதுபவருக்குத் தெரியாது. இப்படியான ஆய்வில் ஒரு சொல் இரண்டு துறைக்கும் பொதுவாக இருப்பதைவிட, இரண்டு சொற்கள் தனித்து இருப்பது நல்லது.

இளங்கோ எழுதியது:

திரிபு, விகாரம் இரண்டுமே இலக்கணத்திலிருந்து போனவை. "தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்" என்பதில் திரிதல் விகாரத்தின் ஒரு வகை. கம்பி நீள்வதில் ஒன்றும் தோன்றுவதில்லை, கெடுவதுமில்லை, உருவம் மட்டும் திரிகிறது. ஆகவே திரிபே நுட்பமானது. தமயந்தி இதைத் தனி இழையாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஊடு. 'ஊடுதுறை' வினைத்தொகையாகப் படிக்க இடம் தரும்: ஊடிய துறை, ஊடுகின்ற துறை, ஊடும் துறை. முக்காலமும் பிணக்கு. 'துறையூடு' என்றால், ஆய்வோடு சேரும்போது வீட்டுத்தோட்டம் போல டகரம் இரட்டித்துத் 'துறையூட்டாய்வு' ஆகி, ஊட்டுதல் நினைவுக்கு வரும்.

நசீர் எழுதியது:

ஐயா, ஊடு + அகம் ஊடகம்தான், ஊட்டகம் இல்லை. ஊடு + ஆட்டம் ஊடாட்டம். எனவே இரட்டிப்பு தேவையில்லை. ஊடுகதிர் என்று படிப்பவர் யாரும் கதிர் பிணங்கியதாக நினைப்பதில்லை.

கோமதி எழுதியது:

இழை வேறு பக்கம் போனாலும் கேட்டுவிடுகிறேன். அதே இயலில் 'ஆதர்' என்பதற்கு 'ஆசிரியர்' என்று இருக்கிறதா? கற்பிப்பவர், இதழை நடத்துபவர், எழுதியவர் மூவரும் தமிழில் ஆசிரியரே. 'முதல் ஆசிரியர்', 'தொடர்பு ஆசிரியர்' என்று போனால் மாணவர் தம் நெறியாளரைத் தேடுவார்.

கூட்டாய்வில் மிகுதியாகச் சண்டை வருவது இங்கேதான். உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. கணிதத்திலும் உயர் ஆற்றல் இயற்பியலிலும் அகர வரிசை. 2015இல் செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயிற்று. கணிதர் ஒருவரும் உயிரியலார் ஒருவரும் சேர்ந்து எழுதி, வரிசையை முன்கூட்டிப் பேசாவிட்டால், கடைசியில் நிற்கும் பெயரை ஒருவர் பெருமையாகவும் மற்றவர் அகர வரிசையாகவும் படிப்பார். இதற்காகவே கிரெடிட் என்ற வகைப்பாடு பங்களிப்புகளை 14 ஆகப் பிரிக்கிறது: கருத்துருவாக்கம், மென்பொருள், தரவுப் பராமரிப்பு, நிதி திரட்டல் என்று. கையேட்டில் அந்தப் பட்டியலை முதல் கூட்டத்திலேயே நிரப்பச் சொல்லுங்கள்.

சொல்லுக்கு, பாயிரத்தில் "ஆக்கியோன் பெயரே" என்று வருவதை எடுத்து 'ஆக்கியோர்' எனலாம். கடினமென்றால் 'கட்டுரையாளர்'.

செல்வி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாளை மாலை கோப்பை அனுப்ப வேண்டும் என்பதால் இப்போதைக்கு இப்படி வைக்கிறேன்: பல்துறை, ஊடுதுறை, துறைகடந்த. நசீர், தமயந்தி இருவரும் ஊடுதுறைக்கு ஒத்துக்கொண்டார்கள். ஆதருக்குக் கட்டுரையாளர். கோமதி கேட்ட பட்டியலைப் பின்னிணைப்பில் சேர்த்துவிட்டேன். நேரம், அலகு, விடுபட்ட மதிப்பு மூன்றையும் இரண்டாம் இயலின் பயிற்சியாக வைத்திருக்கிறேன். நசீர் சொன்ன 10,000 அளவீட்டுக் கணக்கை மாணவர்களே போட்டுப் பார்க்கட்டும்.

தமயந்தி எழுதியது:

'துறைகடந்த' எனக்குச் சரியாகப் படவில்லை, செல்வி அக்கா. அங்கே ஆய்வாளர் துறையைக் கடந்து போவதில்லை, வெளியில் இருப்பவர் உள்ளே வருகிறார். 1970இல் நீஸ் நகரக் கருத்தரங்கில் உளவியலார் பியாஜே 'டிரான்ஸ்டிசிப்ளினரி' என்பதைக் கையாண்டபோது துறை எல்லைகளே இல்லாத முழு அமைப்பு என்ற பொருள் இருந்தது. அதற்குக் 'கடந்த' பொருந்தும். உழவரும் மீனவரும் சேர்வது பின்னால் ஏறிய பொருள். கையேடு சொல்வது அந்தப் பின்னதைத்தான். மறுபதிப்பிலாவது மாற்ற வேண்டும்.

இளங்கோ எழுதியது:

தமயந்தி சொல்வது சரி. ஊடுதுறையைப் பெரும்பான்மை என்பதால் தடுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. ஊடுகதிரில் கதிர் உண்மையாகவே ஒன்றை ஊடுருவிப் போகிறது. அங்கே ஊடுவது கதிர். ஊடுதுறையில் ஊடுவது துறையா, ஆய்வா? ஆய்வுதான் என்றால் 'துறையூடாய்வு' என்றே இருக்க வேண்டும். இரட்டிப்பு பற்றிய என் தடையை நசீர் அகற்றிவிட்டாரே, பிறகு ஏன் அதை விட்டீர்கள்? பஃறுறை அடிக்குறிப்பும் கோப்பில் காணவில்லை.