அஞ்சு மாசக் குழந்தைக்கு ஏத்தங்காய்ப்பொடி (நேந்திரன் வாழைக்காய்ப் பொடி) காய்ச்சிக் கொடுக்கலாமா?

தக்கலைப் பொண்ணு:
பையனுக்கு 5 மாசம் 10 நாள். தாய்ப்பால் மட்டும்தான், எடை 6.8 கிலோ. பத்து நாளா ராத்திரி மூணு நாலு தடவை எழும்புறான், கை எப்பவும் வாயிலதான். பால் பத்தலை, ஏத்தங்காய்ப்பொடி காய்ச்சிக் கொடுன்னு மாமியார் சொல்றாங்க. இப்பவே தொடங்கலாமா?

குழித்துறை அக்கா:
பொறு தங்கச்சி. கை சூப்புறதும் ராத்திரி எழும்புறதும் இந்த வயசுக்கு உள்ளதுதான், அதை வச்சுப் பால் பத்தலைன்னு சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல மூத்திரம் போறானா, தாய் சேய் அட்டையில எடைக்கோடு ஏறுதான்னு பாரு. 6.8ன்னு ஒரு புள்ளியை வச்சு ஒண்ணும் தெரியாது. கோடு படுத்துட்டா டாக்டர்கிட்ட காட்டு.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு 180 நாள். அப்ப தலை ஆடாம நிக்கணும், முதுகைத் தாங்கினா உட்காரணும், கரண்டியை வாயில வச்சா நாக்கு வெளிய தள்ளக்கூடாது. தள்ளினா ரெண்டு நாள் விட்டு மறுபடி கொடு. அதுக்காக ரொம்பத் தள்ளிப் போடவும் கூடாது. பிறக்கும்போது உடம்புல இருந்த இரும்புச்சத்து ஆறு மாசத்துல குறைஞ்சிரும், தாய்ப்பால்ல அது கம்மி. குருவாயூர் கோயில்ல முதல் சோறு கொடுக்க நாள் பார்த்துப் பார்த்து எட்டு மாசம் ஆக்கிராதீங்க.

மார்த்தாண்டம் சமையல்:
ஆறு மாசம் ஆனபிறகு ஏத்தங்காய்ப்பொடி தப்பில்ல. நல்லா விளைஞ்ச காயைத் தோல் சீவி, மெல்லிசா அரிஞ்சு, முறிச்சா டக்குன்னு ஒடியுற வரை காயவைக்கணும். ஈரம் நின்னா பூசணம் பிடிக்கும், நம்ம ஊர்லதான் ரெண்டு பருவமழையும் உண்டே.

ஒரு மேசைக்கரண்டி பொடியை 100 மில்லி பச்சைத்தண்ணியில கரைச்சிட்டு அப்புறம் அடுப்புல வை. கொதிக்கிற தண்ணியில போட்டா உருண்டை கட்டும். இளந்தீயில எட்டு நிமிஷமாவது கிண்டணும். கரண்டியைச் சரிச்சா ஓடாம நிக்கிறதுதான் பதம். பாட்டில்ல ஊத்துற மாதிரி நீர்க்கக் காய்ச்சினா வயிறு தண்ணியிலயே ரொம்பிரும். முதல் நாள் ரெண்டு டீஸ்பூன். போகப்போக வேளைக்கு 2-3 மேசைக்கரண்டி, நாளைக்கு 2-3 வேளை. பால் எப்பவும் போல. ஒரு வயசு வரை உப்பு, சர்க்கரை, கருப்பட்டி வேண்டாம். தேன் தொட்டு வைக்கவே கூடாது, அதுல இருக்கிற கிருமி வித்து குழந்தையோட நரம்பை முடக்கிப்போடும்.

ஆனா இது பெரும்பாலும் மாவுச்சத்துதான். இதையே மாசக்கணக்கா கொடுக்கிறதுதான் நம்ம பக்கத்துத் தப்பு. அடுத்த வாரமே ரெண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு சிறுபயறு சேர்த்துக் குழைய வேகவச்சு, அரை ஸ்பூன் தேங்காயெண்ணெய் விட்டுக் கொடு.

தக்கலைப் பொண்ணு:
நன்றிக்கா. மீன், கேப்பை எப்போ?

குளச்சல்:
மீனும் ஆறு மாசத்துலயே கொடுக்கலாம். அயலையை (கானாங்கெளுத்தி) ஆவியில வேகவச்சு, நடுமுள்ளை எடுத்துட்டு, சதையை விரலால தடவித் தடவி மசி. சாளையில (மத்தி) பொடிமுள் அதிகம், இப்ப வேண்டாம். சுறாவும் பெரிய சூரையும் (டூனா) பாதரசம் சேர்றதால கூடாது, கருவாடு உப்புக்காகக் கூடாது. புதுசா எது கொடுத்தாலும் பகல்ல கொடு. தடிப்பு, வாந்தி வந்தா கண்ணுல படும்.

கேப்பையை 12 மணி நேரம் ஊறவச்சு, துணியில கட்டி முளைக்கவிட்டுக் காயவச்சுப் பொடி. முளையில உள்ள நொதி கூழை இளக்கும், அதனால அதே கிண்ணத்துல மாவு கூடுதலாப் போடலாம். கருக வறுத்தா அந்த நொதி செத்துரும்.

ஆறு மாசம் ஆனதும் கிராம சுகாதார செவிலியர்கிட்ட இரும்புச்சத்து சிரப் கேளு. வாரம் ரெண்டு தடவை, 1 மில்லி. மலம் கறுப்பாப் போகும், அதுக்குப் பயப்படாதே.