புயலுக்குப் போடும் நம்பரை நம்பாதீங்க

எல்லாருக்கும் வணக்கம்.

பையனுக்கு அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் வேலை, ஜூனில் சேரணும், அங்கே ஹரிக்கேன் புயல் அடிக்குமாமே, பயமில்லையா என்று அக்கா போன மடலில் கேட்டிருந்தீங்க. பயம்தான் அக்கா. இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே குப்பை கொட்டுகிறேன். ஜூன் தொடங்கி நவம்பர் முடியும்வரை, படுக்கும் முன் ஒருதரம் வானிலைப் படத்தைப் பார்க்காமல் தூக்கம் வராது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதில்தான் நான் ஏமாந்தேன்.

2005 செப்டம்பர். கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. கூரைமேல் நின்று துணியை ஆட்டியவர்களை டிவியில் பார்த்த கண்ணோடு, அடுத்து ரீட்டா புயல் வருகிறது என்றதும் ஊரே கிளம்பிவிட்டது. டல்லாஸுக்கு நாலு மணி நேர வழி. பதினேழு மணி நேரம் ஊர்ந்தோம். ஏசி போட்டால் பெட்ரோல் தீருமே என்று கண்ணாடியை இறக்கிவிட்டு, கைக்குழந்தைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டே போனோம். புயலோ பக்கத்து மாநிலமான லூசியானாவின் எல்லைப் பக்கம் ஒதுங்கிவிட்டது. டெக்சாசில் ரீட்டாவுக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் ஓடும் வழியில் போனவர்கள்தான்.

இனி எது வந்தாலும் நகர்வதில்லை என்று அன்றைக்கு ஒரு வீறாப்பு. 2008-இல் ஐக் புயல் வந்தபோது வேலி மட்டும் சாய்ந்தது. வீறாப்பு இன்னும் கூடிப்போச்சு.

2017 ஆகஸ்ட் 25 ராத்திரி ஹார்வி புயல் ராக்போர்ட் பக்கம் கரையேறியபோது கேட்டகரி நாலு. ஹரிக்கேனுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை போடும் நம்பர் அது. எங்களுக்கு ரொம்ப தூரம். மறுநாளே வலுவிழந்து, ஹரிக்கேன் என்ற பட்டமும் போய்விட்டது. அப்பாடா என்று சாம்பார் வைத்தோம். ஆனால் அது விலகிப் போகவில்லை. நாள் கணக்கில் அந்தப் பக்கமே சுற்றி, எங்கள் ஊர் மேலும் கொட்டியது. டெக்சாசிலேயே இருக்கும் நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலம். ஒரு ஆள் கழுத்தளவு மழை.

வீட்டுக்குள் தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று நினைப்போம். எங்களுக்கு முதலில் கழிவறைதான் சொன்னது. விடியற்காலையில் குளுக் குளுக் என்று சத்தம். எழுந்து காலை வைத்தால் கார்பெட் மெத்தை மாதிரி மிதக்கிறது. பாஸ்போர்ட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் ஜிப்லாக் கவரில் திணித்துக்கொண்டு மாடிக்கு ஓடினோம். கல்யாண ஆல்பம் கீழ் அலமாரியில் இருந்தது. போச்சு.

அந்த கேட்டகரி நம்பர் காற்றின் வேகத்துக்கு மட்டும்தான் அக்கா. கடல் எவ்வளவு உள்ளே ஏறும், மழை எத்தனை நாள் நிற்கும் என்று அது சொல்லாது. 2024 ஜூலையில் வந்த பெரில் வெறும் கேட்டகரி ஒன்று. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் கரண்ட் போனது. எங்களுக்கு ஆறாம் நாள்தான் வந்தது. அந்த வெயிலில் மாமியாரை வைத்துக்கொண்டு பட்ட பாடு ஹார்வியைவிட மோசம்.

பையனிடம் சொல்லுங்க: வாடகைக்குப் பார்க்கும்போது வெள்ள வரைபடத்தைப் பார்க்கட்டும், மாடி வீடாக எடுக்கட்டும். ‘இங்கெல்லாம் தண்ணி வந்ததே இல்லை’ என்று எங்களுக்கும்தான் சொன்னார்கள். வெள்ளத்துக்கு இன்சூரன்ஸ் தனி. பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் செல்லும். புயல் கிளம்பியபின் ஓடிப் பிரயோசனமில்லை. வந்து இறங்கினதும் எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க.

ஒன்று விட்டுப்போச்சு. எங்கள் வீட்டில் கூரைக்கடியில் இருக்கும் பரணில் ஒரு கோடாரி இருக்கிறது. கத்ரீனாவில் தண்ணீருக்குப் பயந்து பரணேறியவர்கள் பலர் கூரையை உடைக்க வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷம் முன் வீடு மாறினோம். நான் பால் காய்ச்சப் பாத்திரம் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் கோடாரியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார்.